கஞ்சிப்பாசி: சில வருடங்களாகச் சாப்பிட்டு வந்ததில் தெரிந்தது

கடையில் வெள்ளை இழைகளாகக் கிடைக்கும் கடற்பாசிதான் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். அது பாசியிலிருந்து தொழிற்சாலையில் பிரித்தெடுத்து உலர்த்திய அகர் என்ற உறையும் பொருள். நான் சொல்வது மண்டபம், பாம்பன் பக்கம் கடலில் எடுத்து அப்படியே காயவைத்த கஞ்சிப்பாசி. எங்கள் வீட்டில் நோன்பு மாதத்தில் மட்டுமில்லாமல் கோடை முழுக்க இதைத்தான் காய்ச்சுகிறோம், இழைப் பாக்கெட்டுக்குத் திரும்பும் எண்ணம் இல்லை.

வேலை அதிகம், அதை மறைக்க முடியாது. மணலும் சிப்பித் துணுக்கும் ஒட்டியிருக்கும். இரவே ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசினால்தான் கடல் வாடை குறையும். அப்புறம் சிறு தீயில் பிசுபிசுப்பாகும் வரை கொதிக்கவிட்டு, சூட்டோடு துணியில் வடிகட்ட வேண்டும், ஏனென்றால் 40 டிகிரிக்குக் கிட்ட வந்தாலே உறையத் தொடங்கிவிடும். ஆனால் ஒருமுறை உறைந்தது மறுபடி உருக 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஜெலட்டின் மாதிரி மே மாத வெயிலில் ஒழுகாது. தேங்காய்ப்பாலும் பனங்கற்கண்டும் ஏலக்காயும் சேர்த்தால் அருமை. எலுமிச்சை வேண்டுமென்றால் அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள், புளிப்போடு கொதித்தால் கெட்டித்தன்மை போய்விடும். எப்படிச் செய்தாலும் கடை இழை அளவுக்கு இது விறைப்பாக நிற்காது. ஆலையில் ஆல்கலி எனும் காரப்பொருள் சேர்த்துப் பக்குவப்படுத்துவதால் வரும் விறைப்பு அது. எனக்கு இந்த மென்மைதான் பிடித்திருக்கிறது.

உடம்புக்கு என்ன செய்தது என்றால், மலச்சிக்கல் நன்றாகக் குறைந்தது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைகிறது. இதில் உறைவதும் அகர்தான், அது நம் குடலில் செரிக்காத நார். பெரும்பாலான கிருமிகளாலும் இதைத் தின்ன முடியாது, அதனால்தான் 1880-களில் ஜெர்மன் கிருமியியல் விஞ்ஞானி ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்க அகரைக் கொண்டுவந்தார்கள். அந்த யோசனையைச் சொன்னது ஃபேனி ஹெஸ்ஸே, சமையலறையில் ஜெல்லி செய்து பழகிய பெண்மணி. எத்தனை பேருக்கு இது தெரியும்!

நார் என்பதால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லையென்றால் மலச்சிக்கல் கூடத்தான் செய்யும். எடை குறையும் என்று விற்கிறார்களே, சர்க்கரையை அள்ளிப் போட்டுக் காய்ச்சினால் எங்கே குறையும்? கடல் பாசிகளில் அயோடின் இருக்கும், அளவும் ஒரே மாதிரி இருக்காது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினமும் சாப்பிட வேண்டாம்.

வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள், மொறமொறவென்று காய்ந்திருக்க வேண்டும். ஈரப்பதம் இருந்தால் பூஞ்சை பிடித்துவிடும்.