ஐ5-2500கே: ஓவர்கிளாக் செய்வதா, ஐ7 மாட்டுவதா, பலகையையே மாற்றுவதா?

2011 ஜனவரியில் இன்டெல் வெளியிட்ட கோர் ஐ5-2500கே செயலியை இன்னமும் கைவிடாமல் வைத்திருப்பவர்கள் பலர். நான்கு கோர் (கணக்கிடும் அலகு), நான்கு திரெட் (ஒரே நேரத்தில் நடக்கும் வேலைத்தொடர்), 6 எம்பி கேஷ் (சிப்பிலேயே உள்ள விரைவு நினைவகம்), 3.3 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம் கொண்ட இந்தச் செயலியின் பெயரில் கடைசியாக நிற்கும் 'கே' என்ற எழுத்து, அதன் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கி பூட்டப்படவில்லை என்பதைச் சொல்கிறது. இதை வைத்துக்கொண்டு புதிய விளையாட்டுகளை ஆட நினைப்பவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: இருப்பதையே ஓவர்கிளாக் செய்வது (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது), அதே மதர்போர்டில் (தாய்ப்பலகை) இன்டெலின் பழைய ஐ7 செயலி ஒன்றை வாங்கி மாட்டுவது, மதர்போர்டு, ரேம், செயலி மூன்றையும் சேர்த்து மாற்றுவது. இவற்றை ஒப்பிடும்போது நொடிக்குச் சராசரியாக எத்தனை ஃப்ரேம் (திரைப் படம்) வருகிறது என்பதை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் பெரும்பாலான ஏமாற்றங்களுக்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

எந்த வழியைத் தேர்வதற்கு முன்பும், தடை செயலியில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். விளையாட்டின் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்தால் திணறுவது கிராஃபிக்ஸ் கார்டு; அசையாமல் அப்படியே நின்றால் திணறுவது செயலி. இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் கூலர் வாங்கக் கிளம்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓவர்கிளாக் எப்படி வேலை செய்கிறது என்பது எளிமையானது. 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தைப் பெருக்கி எண்ணால் பெருக்கினால் கிடைப்பதே கோர் வேகம். நான்கு கோர்களும் வேலையில் இருக்கும்போது இந்தச் செயலி இயல்பாக 34 என்ற பெருக்கியில், அதாவது 3.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும். அதை 44-க்கு உயர்த்தினால் வேகம் ஏறத்தாழ 29 சதவீதம் கூடுகிறது. ஒரு ஃப்ரேமைத் தயாரிக்கச் செயலிக்கு 20 மில்லிநொடி ஆகிறது என்றால், அதாவது நொடிக்கு 50 ஃப்ரேம் என்றால், அது 15.5 மில்லிநொடியாகக் குறைந்து நொடிக்கு 64 ஃப்ரேம் வரை போகலாம். இது உச்சக் கணக்கு. ரேமிலிருந்து தரவு வரக் காத்திருக்கும் நேரத்தைக் கோர் வேகம் குறைப்பதில்லை என்பதால், நடைமுறையில் கிடைப்பது இதைவிடக் குறைவாகவே இருக்கும். 1333-இல் ஓடும் டிடிஆர்3 ரேமை 1600 அல்லது 1866-க்கு ஏற்றினால் இந்த இடைவெளி ஓரளவு சுருங்கும்.

இந்த வேகத்துக்கு ஈடாகக் கொடுப்பது மின்சாரமும் வெப்பமும். மின்செலவு வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் ஏறுகிறது. சுமார் 1.2 வோல்ட்டில் ஓடிய செயலியை 1.3 வோல்ட்டில் 4.4 கிகாஹெர்ட்ஸ் ஓட்டும்போது வேகம் 29 சதவீதம்தான் கூடுகிறது, மின்செலவோ ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. குளிரூட்டிய அறையில் எடுத்த வெளிநாட்டு அளவீடுகளை நம்பி, சித்திரை மாதத்தில் 35 டிகிரியில் கிடக்கும் நம் அறையில் அதே அமைப்பை வைத்தால், அறை கூடுதலாக வைத்திருக்கும் ஒவ்வொரு டிகிரியும் சிப்பின் வெப்பத்திலும் அப்படியே சேரும்.

நான் செய்தபோது முதலில் கூலரைக் கழற்றினேன். ஆண்டுக்கணக்காக இருந்த தெர்மல் பேஸ்ட் சாம்பல் நிறத்தில் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. அதைத் துடைத்துப் புதுப் பேஸ்ட் வைத்ததிலேயே வெப்பம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியது. பிறகு பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்பு மென்பொருள்) பெருக்கியை இரண்டிரண்டு படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பிரைம்95 என்ற சுமைச் சோதனை மென்பொருளை ஒரு மணி நேரம் ஓட்டினேன். 42 வரை மின்னழுத்தத்தைத் தொடவே தேவைப்படவில்லை. 44-இல் நீலத்திரை வந்தது. சிறிது மின்னழுத்தம் கூட்டியதும் அது வருவது நின்றது. அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் கேட்ட மின்னழுத்தம் தாவித் தாவி உயர்ந்ததால் அங்கேயே நிறுத்திவிட்டேன். 2500கே சேர்ந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறைச் செயலிகளில் சிப்புக்கும் மேல்மூடிக்கும் இடையே ஈயப்பற்று போன்ற சால்டர் இருப்பதால், அடுத்து வந்த ஐவி பிரிட்ஜ் தலைமுறையைவிட இவை வெப்பத்தை நன்றாக வெளியேற்றும். பி67, இசட்68, இசட்75, இசட்77 சிப்செட் கொண்ட பலகைகளில்தான் ஓவர்கிளாக் முடியும். எச்61 பலகை வைத்திருப்பவருக்கு இந்த வழியே கிடையாது.

இவ்வளவு செய்தும் ஒரு குறை தீரவில்லை. சராசரி நன்றாக உயர்ந்தது, ஆனால் திறந்த உலக விளையாட்டுகளில் வண்டியை வேகமாக ஓட்டிக்கொண்டு புதிய பகுதிக்குள் நுழையும் கணத்தில் திரை வெட்டி வெட்டி நின்றது. இன்றைய விளையாட்டுகள் காட்சி வரையும் பணி, இயற்பியல், ஒலி, கோப்புகளை விரித்துத் தருவது என்று வேலையைப் பல திரெட்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. நான்கு திரெட்டும் நிரம்பிவிட்டால் ஐந்தாவது வேலை வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஓவர்கிளாக் வரிசையை விரைவாக நகர்த்துகிறதே தவிர, கூடுதல் கவுண்டர் திறப்பதில்லை.

இங்கேதான் இரண்டாவது வழி முந்துகிறது. ஐ7-2600 அல்லது ஐ7-3770, அதே எல்ஜிஏ 1155 சாக்கெட்டில் உட்காரும், எட்டுத் திரெட்டும் 8 எம்பி கேஷும் தரும். 3770 பூட்டப்பட்ட செயலியாக இருந்தாலும், பி67, இசட்68 பலகைகளில் அதன் டர்போ வேகத்துக்கு (தானாக எட்டும் உச்ச வேகம்) மேல் பெருக்கியை நான்கு படி வரை ஏற்ற முடியும். மாட்டுவதற்கு முன் பயாஸைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். உச்ச வேகத்தில் இது ஓவர்கிளாக் செய்த 2500கே-யைவிடச் சற்றுப் பின்தங்கலாம், ஆனால் அந்தத் தடுமாற்றத்தைக் குறைப்பதில் இதுவே மேல். ஆகவே, ஏற்கெனவே நல்ல கூலரும் இசட்68 பலகையும் இருப்பவர் செலவில்லாமல் ஓவர்கிளாக் செய்யட்டும். பெரிய கூலருக்காகப் பணம் எடுக்கும் நிலை வந்தால், அந்தப் பணம் பழைய ஐ7-க்குப் போவதே சரி. நான்கு திரெட்களைத் தாண்டாத பழைய விளையாட்டுகளை மட்டும் ஆடுபவருக்கு இது பொருந்தாது. அவருக்கு ஓவர்கிளாக்கே போதும்.

இந்த இரண்டு வழிகளாலும் கடக்க முடியாத சுவர்கள் சில உண்டு. செயலி புரிந்துகொள்ளும் ஏவிஎக்ஸ்2 கட்டளைத் தொகுப்பு 2013-இல் ஹாஸ்வெல் தலைமுறையோடு வந்தது. அதைக் கட்டாயமாகக் கேட்கும் விளையாட்டு இவற்றில் திறக்காது. விண்டோஸ் 11 இவற்றை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. 2500கே, ஐ7-2600 இரண்டும் கிராஃபிக்ஸ் கார்டுக்கான பிசிஐஇ இணைப்பின் 2.0 பதிப்பை மட்டுமே தருவதால், நான்கு தரவுத் தடம் மட்டுமே கொண்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டு அதில் மூச்சுத்திணறும்.

இந்தச் சுவர்களில் ஒன்றை முட்டிவிட்டவருக்கு மூன்றாவது வழிதான். இன்டெலின் ஐ3-12100எஃப் அதே நான்கு கோர்தான், ஆனால் எட்டுத் திரெட்டும் 4.3 கிகாஹெர்ட்ஸ் டர்போவும் கொண்டது; ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் அது செய்யும் வேலை 2011-இன் கோரைவிட மிக அதிகம் என்பதால், 2500கே-யை எவ்வளவு ஏற்றினாலும் அதை எட்ட முடியாது. கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால், ஆறு கோரும் 32 எம்பி கேஷும் உள்ள ஏஎம்டி-யின் ரைசன் 5 5600-ஐயே நான் தேர்வேன். அதே ஏஎம்4 சாக்கெட்டில் பின்னாளில் 5800எக்ஸ்3டி வரை போக இடமிருக்கிறது. பழைய டிடிஆர்3 ரேம் இரண்டிலும் பயன்படாது. பெட்டி, எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றை அப்படியே கொண்டுபோகலாம். பவர் சப்ளையும் 2011-இல் வாங்கியதாக இருந்தால், உள்ளே கெப்பாசிட்டர்கள் தளர்ந்திருக்கும் என்பதால், அதைப் புதிய பலகையோடு இணைக்காமல் அதற்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.