பலா மூட்டில் ஆறு வருஷமாகச் சர்ப்பகந்தா

குலசேகரம் பக்கம் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நேர்வெயில் விழுவதே இல்லை. மேலே பலா, பக்கத்தில் பாசி பிடித்த மதில். செம்பருத்தி வைத்தேன், மொட்டே விடவில்லை. 2019 ஜூன் மழையில் மூன்று சர்ப்பகந்தா நாற்று வாங்கி நட்டேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய மரங்களுக்கு அடியில் தானாக வளரும் குறுஞ்செடி இது, இந்த இடத்துக்கு ஒத்துவரும் என்று ஒரு நம்பிக்கை.

மூன்றில் ஒன்று முதல் மழைக்காலத்திலேயே போய்விட்டது. துணி துவைக்கிற தண்ணீர் தேங்கும் இடத்தில் வைத்தது என் தப்பு. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, விரல் பட்டதும் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. மண் ஈரமாக இருக்கலாம், தண்ணீர் மட்டும் நிற்கக்கூடாது. மற்ற இரண்டுக்கும் மணலும் மக்கிய பலாச் சருகும் கலந்து மேடு கட்டினேன். இன்று முழங்காலுக்கு மேல் நிற்கின்றன. உரம் என்று தனியாக எதுவும் போட்டதில்லை.

பூவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இலைகள் ஒரு கணுவுக்கு மூன்று மூன்றாகச் சுற்றி நிற்க, உச்சியில் சிவந்த காம்புகளில் வெள்ளைப் பூங்கொத்து. காய் பச்சையாக இருந்து கருநீலமாகப் பழுக்கும். சதையைக் கழுவி உடனே விதைக்க வேண்டும். இருபது விதை போட்டதில் எனக்கு ஐந்துதான் முளைத்தது, அதற்கும் ஒன்றரை மாதம் ஆனது. அவசரப்பட்டுத் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். வேர்த்துண்டு வைத்தாலும் துளிர்க்கிறது.

பிரஷருக்கு நல்லதாமே, கொஞ்சம் வேர் தாருங்கள் என்று பலர் கேட்கிறார்கள். 1952இல் ரிசர்பின் மருந்தைப் பிரித்தெடுத்தது இந்த வேரிலிருந்துதான். ஆனால் அது ரத்த அழுத்தத்தை அளவுக்கு மீறிக் குறைக்கும், மனச்சோர்வையும் உண்டாக்கும். வீட்டில் கஷாயம் வைத்துக் குடிக்கிற சரக்கு அல்ல. வேருக்காகத் தோண்டினால் செடியே போய்விடும். காட்டில் இது அருகிப்போனதும் அப்படித்தான். அதனால் கேட்பவர்களிடம், நிழலும் ஈரமும் உள்ள மூலை இருக்கிறதா என்று விசாரித்து, பழுத்த காய் நாலைந்து பறித்துக் கொடுக்கிறேன்.