செலவு ரசமா, கொள்ளு ரசமா, சுக்கு காபியா? சளிக்கு எங்கள் பக்கத்து வைத்தியங்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஈரோடு, கோபி, பொள்ளாச்சிப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் இருமல் சத்தம்தான். கூடவே ஆளுக்கொரு வைத்தியமும் வரும். அம்முச்சி (அம்மாவின் அம்மா) கொள்ளு ரசம் என்பார், அத்தை நொச்சி ஆவி என்பார், மாமா சுக்கு காபியை விட்டால் மருந்தே இல்லை என்பார். சாதாரணச் சளி வைரஸால் வருவது, பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானாகப் போய்விடும். இந்த வைத்தியங்கள் எதுவும் வைரஸை விரட்டுவதில்லை. அதனால் அந்த நாட்களில் தொண்டைக்கு எது இதம், வயிறு எதை ஏற்கிறது, எது கெடுதல் செய்யாது என்றுதான் நான் பார்க்கிறேன்.

அப்படிப் பார்த்தால் என் ஓட்டு செலவு ரசத்துக்கு. செலவு என்றால் எங்கள் பக்கம் மசாலாச் சாமான். மல்லி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் நல்லெண்ணெயில் வதக்கி, மஞ்சள் சேர்த்து அம்மியில் அரைத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். திப்பிலி, சித்தரத்தை சேர்ப்பவர்களும் உண்டு, வீட்டுக்கு வீடு பக்குவம் மாறும். எங்கள் வீட்டில் புளி போடுவதில்லை. தொண்டை புண்ணாக இருக்கும்போது புளிப்பு பட்டால் எரியும். பிள்ளை பெற்றவளுக்கும் கொடுக்கிற ரசம் என்பதால் காரமும் அளவாகத்தான் இருக்கும். மூக்கடைத்தால் மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் சாப்பாட்டில் பாதி ருசி போய்விடும். ஆனால் மிளகின் உறைப்பு மணத்தை நம்பி இல்லை, அது நாக்கில் நேராகத் தெரியும். "சோறு வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பும் பிள்ளைகூட, "ரெண்டு வாய் குடிச்சுப்போட்டுப் படு கண்ணு" என்று போசியில் ஊற்றிக் கொடுத்தால் குடித்துவிடும். குழைந்த சோற்றில் பிசைந்து கொடுத்தால் தண்ணீர், உப்பு, சாப்பாடு மூன்றும் ஒரே வேளையில் உள்ளே போகும். சுக்கு காபியிலோ மஞ்சள் பாலிலோ நொச்சி ஆவியிலோ இது இல்லை.

கொள்ளு ரசம் அதற்கு அடுத்தது, ரொம்பத் தூரத்தில் இல்லை. கொள்ளை வேகவைத்து இறுத்த தண்ணீரில் மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு வைக்கிற ரசத்துக்கு இருக்கிற மணமே தனி. ஆனால் சளிக்காரருக்குத் தெளிந்த தண்ணீரை மட்டும் கொடுத்துவிட்டுச் சத்தெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறோமே, அது சரியில்லை. 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு, அதில் பெரும்பகுதி வெந்த பருப்பிலேயே நின்றுவிடும். கடைந்த கொள்ளுப் பருப்பையும் சோற்றில் போட்டால்தான் கணக்கு நேராகும். வாயுத் தொந்தரவு உள்ளவர்களுக்கும் ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கும் பருப்பு கனமாக இருக்கும், அங்கே செலவு ரசமே மேல்.

சுக்கு காபிக்கு ரசத்தோடு போட்டியே இல்லை, அதன் வேலை வேறு. கோவையிலும் திருப்பூரிலும் சாயங்காலம் சைக்கிளில் பாத்திரம் கட்டிக்கொண்டு வருகிறாரே, அவரிடம் வாங்கிக் குடித்தாலும் சரி, வீட்டில் சுக்கு, மல்லி, மிளகு தட்டி வைத்தாலும் சரி, தொண்டை கரகரக்கத் தொடங்கும் முதல் நாளுக்கு அருமையானது. இங்கே ஒன்றை அழுத்தியே சொல்ல வேண்டும். கருப்பட்டி போட்டது சர்க்கரை நோயாளிக்கு ஒன்றும் செய்யாது என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான். அவர்களுக்குக் கருப்பட்டி இல்லாமல் வைத்துக் கொடுங்கள்.

மஞ்சள் பால் ராத்திரி இருமலுக்கு. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் நமக்கெல்லாம் பெருமை உண்டு. ஆனாலும் மஞ்சளிலுள்ள குர்குமின் தனியாகப் போனால் உடம்பு மிகக் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். மிளகிலுள்ள பைப்பரின் கூடச் சேரும்போது அது கூடும். பாலில் மிளகும் தட்டிப்போட்ட நம் பாட்டிகளின் கைப்பக்குவம் அந்த வகையில் சரியானதே. வெறும் இருமலுக்குப் பாலைவிடத் தேன் ஒரு ஸ்பூன் நன்றாகக் கேட்கிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது, அரிதாக என்றாலும் பாட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோய் வரும்.

நொச்சி ஆவிக்குக் கடைசி இடம்தான் கொடுப்பேன். வேலியோரத்தில் ஒடித்து வந்த தழையைக் கொதிக்கப் போட்டு முகத்தைக் காட்டினால் அடைப்பு விட்டதுபோல் இருக்கும், கொஞ்ச நேரத்தில் திரும்ப அடைக்கும். அந்தக் கொஞ்ச நேர சுகத்துக்காகக் குழந்தையைப் போர்வைக்குள் கொதிநீர்ப் பானை முன்னால் உட்கார வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பானை சரிந்தால் தொடையெல்லாம் வெந்துபோகும். பெரியவர்கள் பிடிக்கட்டும். குழந்தையின் நெஞ்சில் கற்பூரம் கரைத்த எண்ணெய் தேய்ப்பதும் வேண்டாம். சின்னக் குழந்தை கற்பூரத்தை விழுங்கிவிட்டால் வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும்.

இதெல்லாம் சளிக்கு. ஃப்ளூ அப்படியில்லை. காலையில் நன்றாக இருந்தவர் சாயங்காலம் கடுங்காய்ச்சலோடும் உடம்பு வலியோடும் படுத்துவிடுவார். அதற்கான மருந்து காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். வயதானவர், கர்ப்பிணி, ஆஸ்துமாவோ சர்க்கரையோ உள்ளவர் என்றால் ரசம் வைத்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாம் என்று ஒரு நாளைக்கூடத் தள்ளாதீர்கள். மழைக்காலத்தில் சளியே இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடித்தால் டெங்குவாகவும் இருக்கலாம், ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ குழந்தை தண்ணீர்கூடக் குடிக்காமல் துவண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ரசத்தைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம்.