நமக்கு வேண்டிய கணக்குக் கருவியை நாமே செய்ய: கூகிள் ஷீட்ஸ்

கட்டங்களில் எண்களை இட்டுக் கணக்குப் பார்க்க உதவும், 2006இல் வெளிவந்த கூகிள் ஷீட்ஸ் செயலியை அலுவலகங்களுக்கான பொருள் என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோக (பெரும்போக) நெல் விதைக்கும் எங்களைப் போன்ற குடும்பங்கள் தமக்குத் தேவையான கருவியைத் தாமே செய்துகொள்ள இதைவிட எளிய வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

உழவு, விதைநெல், பசளை, களைநாசினி, வெட்டு இயந்திரக் கூலி, அடகு நகைக்கான வட்டி என ஒவ்வொன்றையும் ஒரு வரியில் இட்டு, மொத்தச் செலவை விளைந்த கிலோவால் வகுக்கும் ஒரேயொரு சூத்திரத்தை எழுதிவிட்டால், வியாபாரி வயல்கரையில் நின்று விலை பேசும்போதே அது கையைக் கடிக்கும் விலையா என்பது கைபேசியில் தெரிந்துவிடும். வட்டியைச் சேர்க்காத கணக்கு கணக்கே அல்ல.

பகிர்வதுதான் இதன் பெருஞ்சிறப்பு. தொகைகளை அழித்த வெற்றுப் படியைப் பார்வைக்கு மட்டும் திறந்து, இணைப்பின் இறுதியில் உள்ள ‘எடிட்’ (edit) என்ற சொல்லைக் ‘கொப்பி’ (copy) என்று ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பினால், பெறுபவருக்குத் தனிப்படி கிடைக்கும். உழுந்து செய்பவர் அதைத் தமக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். கட்டணம் இல்லை. சிக்னல் கிடைக்காத வயலில் பயன்படுத்த விரும்புவோர், கோப்பை வீட்டிலேயே ஓஃப்லைனில் திறக்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டும்.