உப்புவெளியில் நாய்களுக்குப் படம் போடப் போய்

திருகோணமலையில் வீட்டு நிகழ்ச்சிக்கு திரை, புரொஜெக்டர், சவுண்ட் வாடகைக்குப் பிடிக்க இருப்பவர்கள் முற்பணம் கொடுக்குமுன் இதை ஒருதரம் வாசியுங்கள்.

போன ஆடியில் உப்புவெளியில் எங்கள் வளவில் சின்னதாக ஒரு சினிமா இரவு வைத்தோம். 11 நாய்கள், அவற்றை வளர்ப்பவர்கள், பாய், சோளப்பொரி. விசர்நாய்த் தடுப்பூசி அட்டை இல்லாமல் யாரும் வரக்கூடாது என்று முன்பே சொல்லிவிட்டோம். நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகப் பிரித்துத் தெரியும் என்பதால் கடல் காட்சி நிறைந்த படமாகத் தேடி எடுத்தேன். (வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும்.)

திரை, சவுண்ட் எல்லாம் வாடகைக்கு விடும் ஒருவரிடம் மொத்தம் 40,000 ரூபா பேசி, 25,000 முற்பணம் கொடுத்தேன். சத்தம் குறைவாக வேண்டும், ஜெனரேட்டர் மதிலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று மூன்று தரம் சொன்னேன். "ஒண்டுக்கும் யோசிக்க வேணாம் அக்கா, நாய்களுக்கான தின்பண்டமும் நாங்களே கொண்டுவாறம்" என்றார். பற்றுச்சீட்டு கேட்டேன், வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். இன்னும் வரவில்லை.

மாலை 5.30க்கு வர வேண்டியவர்கள் 7.15க்கு வந்தார்கள். வந்தது அவரும் இல்லை, யாரோ இரண்டு பெடியன்கள். நாய்கள் இருக்கும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர் வேலையைப் பிடித்து, கொமிசன் எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் தள்ளியிருக்கிறார். திரை என்று வந்தது ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. அதை இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்ட, கச்சான் காற்றில் பாய்மரம் போல் புடைத்தது. கந்தோரில் சுவருக்குக் காட்டும் புரொஜெக்டர். கடலும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை.

அதெல்லாம் பரவாயில்லை. ஒலிபெருக்கிதான் கெடுத்தது. திருவிழாவுக்குக் கட்டுகிற பெட்டிகள். வந்த பெடியன்களில் ஒருவன் மைக்கைப் போட்டதும் கீச்சென்று ஒரு கூவல். நமக்கு 20,000 ஹேர்ட்ஸோடு காது முடிந்துவிடும். நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். நாங்களே காதைப் பொத்தினோம் என்றால் அவற்றின் பாடு என்ன? ஒன்று மேசையைக் கவிழ்த்தது, இரண்டு சண்டை பிடித்தன, பக்கத்து வீட்டு ஜிம்மி கேற்றைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் ஓடிவிட்டது. டோர்ச்சோடு தேடி, இரவு 10 மணிக்கு மீன்பிடி வள்ளம் ஒன்றின் அடியில் நடுங்கியபடி கிடந்ததைத் தூக்கி வந்தோம்.

பிறகுதான் அந்தத் தின்பண்டப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே சொக்லேட் பிஸ்கட்! சொக்லேட்டில் இருக்கும் தியோபுரோமினை நாயின் உடல் மெதுவாகத்தான் கழிக்கும். கூடுதலாகத் தின்றால் வாந்தி, வலிப்பு, உயிருக்கே ஆபத்து. அந்த அமளியில் யாரும் அதைப் பிரிக்காதது எங்கள் நல்ல காலம்.

அடுத்த நாள் காசைத் திருப்பிக் கேட்டு அவருக்கு அழைப்பு எடுத்தேன். "கரண்டும் காற்றும் என்ர கையிலயா அக்கா?" என்றார். அதோடு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்.

நீங்கள் பிடிப்பதானால், யார் வருவார் என்று கேட்டு அவரோடே நேரில் பேசுங்கள். திரையையும் சவுண்டையும் முதல் நாளே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கையில் பற்றுச்சீட்டு வராமல் காசை நீட்டாதீர்கள்.

போன கிழமை பக்கத்து வீட்டு அக்கா தன் போனைக் காட்டினார். அந்த மனுசனின் புது விளம்பரம்: "நாய்களோடு சினிமா இரவு, முன்பதிவுக்கு அழையுங்கள்." கீழே இருந்த படம் எங்கள் வளவு. ஜிம்மி ஓடுவதற்கு முன் எடுத்தது.