இரண்டடி மீன்தொட்டியும் மாதந்தோறும் எறியச் சொல்லும் காபன் அட்டையும்

2023 இல் யாழ்ப்பாண நகரில் வாங்கிய தொடக்கநிலை மீன்தொட்டித் தொகுதி இன்றும் எங்கள் வீட்டு விறாந்தையில் நிற்கிறது. இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி, பின்விளிம்பில் தொங்கும் வடிகட்டி, மூடியோடு பொருந்திய எல்ஈடி விளக்கு ஆகியன எல்லாம் ஒரே பெட்டியில் வந்தவை. கண்ணாடி ஒட்டுகளில் ஒரு சொட்டு நீரும் கசிந்ததில்லை, விளக்கும் மங்கவில்லை. இவ்வளவு உழைத்த பொருளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று உட்கார்ந்தாலும், என் மனம் வடிகட்டிக்குள் செருகும் அந்தக் காபன் அட்டையிலேயே போய் நிற்கிறது.

உள்ளங்கையளவு பிளாஸ்ரிக் சட்டம், அதன்மேல் வெள்ளைத் துணியுறை, உறைக்குள் ஒரு பிடி கரித்துகள்: அட்டை என்பது இவ்வளவுதான். மாதம் ஒருமுறை இதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைச் செருகுமாறு பெட்டியோடு வந்த தாள் சொல்கிறது. தொட்டிக்கு நீர் நிரப்பிய அன்றே மீன் விடலாம் என்றும் அதே தாள் சொல்கிறது. மீன் வளர்ப்பில் புதிதாக இறங்கும் ஒருவருக்கு இவற்றைவிடக் கெடுதியான இரண்டு அறிவுரைகளைச் சொல்ல முடியாது.

இந்தத் தொட்டி வருவதற்கு முன் மகளிடம் ஒரு தங்கமீன் இருந்தது. பிறந்தநாளுக்கு உறவினர் ஒருவர் கடையில் வாங்கி, கடைக்காரர் கொடுத்த உருண்டைக் கண்ணாடிக் குடுவையோடேயே கொண்டுவந்து தந்தார். நீர் மாற்றினோம், அளவாக உணவு போட்டோம். என்றாலும் நீர் பால்கலந்ததுபோல் வெளிறியது. மீன் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடியது. அதன் செவுள்மூடியின் ஓரம் செம்மை படர்ந்திருந்தது. தங்கமீன் முறையாக வளர்த்தால் பத்தாண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது, அரையடிக்கு மேல் வளரக்கூடியது. அதைக் குடுவையில் போட்டு விற்றவர்மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை.

மீன் தன் செவுள் வழியாக இடைவிடாமல் அமோனியாவை வெளிவிடுகிறது. எஞ்சிய உணவும் அழுகி அமோனியாவாகிறது. அமோனியா எங்கும் ஒரே அளவில் நஞ்சாவதில்லை என்பதுதான் யாழ்ப்பாணத்தவர் அறிந்திருக்க வேண்டிய விடயம். நீர் 28 பாகை செல்சியஸில் இருக்கும்போது, பிஎச் எனப்படும் அமில-கார அளவு 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருப்பதில்லை; பிஎச் 8 ஆனால் அது ஆறு பங்கைத் தாண்டுகிறது. எங்கள் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கிணற்றுநீர் சுண்ணாம்பு கரைந்த வன்னீர் என்பதால் பிஎச் பெரும்பாலும் ஏழுக்கு மேலேயே நிற்கும். மென்னீர் உள்ள ஊரில் சமாளித்துக்கொள்ளக்கூடிய அமோனியா, வெக்கையும் வன்னீரும் சேர்ந்த எங்கள் ஊரில் மீனைக் கொன்றுவிடும்.

அந்த அமோனியாவை நைத்திரைற்றாகவும், நைத்திரைற்றை நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுபவை நீரில் இயல்பாகவே உள்ள பற்றீரியாக்கள். அவை நீரில் மிதந்து திரிவதைவிட ஒட்டி வாழ்வதையே விரும்பும். நீரோட்டமும் ஒட்சிசனும் தொடர்ந்து கிடைக்கும் வடிகட்டிப் பஞ்சுதான் அவற்றின் முதன்மையான குடியிருப்பு. போதிய அளவில் அவை பெருக நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். அப்படியிருக்க, அவை அட்டையின் துணியுறையில் பெருகி நிலைகொள்ளும் நேரம் பார்த்து அதைக் குப்பையில் எறியச் சொல்வது எந்த வகையில் நியாயம்? கரியால் அமோனியாவை அகற்ற முடியாது. நிறத்தையும், மணத்தையும், நோய்க்குப் போட்ட மருந்தின் எச்சத்தையும் அது இழுத்துக்கொள்ளும். சில கிழமைகளில் அந்தச் சக்தியும் தீர்ந்துவிடும். மாதந்தோறும் ஒன்று விற்பதற்காகவே இந்த ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் தொட்டியில் அந்த அட்டை இருந்த இடத்தில் கரடான நீல ஸ்பொஞ்சை அளவாக வெட்டிச் செருகினேன். மீன் விடாமல், நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவை மட்டும் போட்டு அழுகவிட்டு, கொழும்பிலிருந்து தங்கை அனுப்பிய துளிப் பரிசோதனைக் குப்பிகளால் நீரைச் சோதித்துவந்தோம். அமோனியா இருந்தால் சோதனைக் குழாயிலுள்ள நீர் பச்சையாகும். இல்லையென்றால் மஞ்சளாகவே நிற்கும். பச்சை வெளிறி, நைத்திரைற்றுக்குரிய ஊதாவும் மறைந்து, இரண்டும் இல்லை என்று குழாய்கள் காட்டிய பிறகே முதல் கப்பி மீன்களை விட்டோம். மகள் பொறுமையோடு காத்திருந்தாள். அன்று தொடங்கி இன்றுவரை நோயால் ஒரு மீனும் சாகவில்லை. ஸ்பொஞ்ச் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த நீரையே வாளியில் விட்டு அதில் பிழிந்து மறுபடி வைக்கிறேன்; குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவினால் பற்றீரியாக்கள் அழிந்துவிடும்.

கப்பி, மொலி, பிளாட்டி மூன்றும் வன்னீரை விரும்புபவை. எங்கள் கிணற்றுநீர் அவற்றுக்கு வரமே. நுளம்புக் குடம்பிகளைத் தின்னவென்று கிணறுகளில் விடப்படும் கப்பியைத் தெரியாதவர் இங்கு இருக்க மாட்டார்கள். அமேசன் ஆற்றின் மென்னீரில் பிறந்த நியோன் டெட்ராவைக் கடையில் கண்டு ஆசைப்படுபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நீர்சூடாக்கி எங்கள் ஊருக்குத் தேவையில்லை.

சுண்ணாம்பு மீனுக்கு நல்லதென்றாலும் இயந்திரத்துக்கு ஆகாது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்ற நாளில் எங்கள் வடிகட்டியும் நின்றது. மின்சாரம் திரும்பியதும் மோட்டார் முனகியதேயன்றிச் சுழலவில்லை. கழற்றிப் பார்த்தபோது காந்தச் சுழலியின் தண்டைச் சுற்றி வெள்ளைச் சுண்ணாம்பு வளையமாக இறுகியிருந்தது. திருத்துபவர் புது மோட்டார் போடச் சொன்னார். நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்து, பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவிப் பூட்டினேன்; அன்றிலிருந்து சத்தமில்லாமல் ஓடுகிறது. வெயில் காலத்தில் தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, சுண்ணாம்பு உள்ளேயே தங்கிவிடும். ஆதலால் குறைந்த நீரை நிரப்பச் சேமித்த மழைநீரைப் பயன்படுத்துகிறேன்.

எதிர்பாராமல் மனம் நிறைந்தது மணிபிளான்ட் கொடியால். எங்கள் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் தோட்ட நிலங்களில் இடும் உரத்தால் பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படிப்பட்ட கிணற்றின் நீரை எவ்வளவு மாற்றினாலும் தொட்டியின் நைத்திரேற்று குறையாது. வடிகட்டிப் பெட்டிக்குள் வேர் தொங்கும்படி வைத்த கொடியோ அதை உறிஞ்சிச் செழித்து, இப்போது யன்னல் கம்பிவரை படர்ந்துவிட்டது. வெள்ளை வேர்களுக்கிடையே கப்பிக் குஞ்சுகள் ஒளிந்து விளையாடுவதை மகளோடு சேர்ந்து நானும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சாவகச்சேரியிலிருக்கும் மச்சாள் போன கிழமை, "அத்தான், தம்பியின்ரை மீன் செத்துப்போச்சு; உங்கடை தொட்டி மாதிரியே ஒண்டு வாங்கட்டோ?" என்று கேட்டாள். வாங்க வேண்டாம் என்றேன். உழைக்கும் பொருள்தான், ஆனால் பொய்யான தாளைப் பெட்டிக்குள் வைத்து விற்பவர்களுக்கு எங்கள் வீட்டிலிருந்து இன்னொரு ரூபாய் போகக்கூடாது. கண்ணாடிக் கடையில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் தொட்டி ஒட்டித் தரச் சொல்லலாம். அது 50 லீற்றருக்கு மேல் கொள்ளும், நீரின் பாரமே 50 கிலோவுக்கு மேல் என்பதால் உறுதியான மேசை வேண்டும். காற்றுப் பம்பில் ஓடும் ஸ்பொஞ்ச் வடிகட்டி போதும். அதில் சுழலி இல்லை, அட்டையும் இல்லை. மின்வெட்டுக்கு மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

தொட்டி வந்ததும் எங்கள் ஸ்பொஞ்சில் பாதியை வெட்டி, காயாமல் தொட்டிநீரோடேயே பையில் கட்டி, பேருந்தில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். பற்றீரியா குடியேறிய ஸ்பொஞ்ச் என்பதால் மச்சாளின் மகன், என் பெறாமகன், ஆறு கிழமை காத்திருக்கத் தேவையிராது. என்றாலும் முதலில் இரண்டு மூன்று கப்பிகளை மட்டுமே விட வேண்டும்; சோதனைக் குழாய் மஞ்சளாகவே நிற்கிறதா என்று பார்த்த பிறகே மற்றவற்றை விடலாம்.