த்ரோட்டல் லேக் சரி பண்றேன்னு 650 வெள்ளி வாங்கிட்டாங்க, பாத்து போங்க

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்குறவங்க, எண்ணெ மிதிச்சா காடி ஒரு செகண்ட் கழிச்சுதான் இழுக்குதுன்னு (அதான் த்ரோட்டல் லேக்) போமன் கடைக்குப் போறதா இருந்தா இத படிச்சுட்டு போங்க.

எங்க தோட்டத்து செம்மண் ரோடு மெயின் ரோட்டுல ஏறுற எடம் ஒரு மேடு, செம்பனை குலை ஏத்துன லோரிங்க பறந்து வரும். அங்க நின்னு கெளம்புனா மிதிச்சதும் காடி நகராது. அம்மாவ வாரம் மூணு தடவ டயாலிசிஸ்க்கு அந்த வழியாதான் கூட்டிட்டு போறேன், அந்த ஒரு செகண்ட் எனக்கு அவ்ளோ பயம்.

டவுன்ல ஒரு கடை, பேரு வேணாம். "த்ரோட்டல் பாடி (இஞ்சினுக்குள்ள காத்த விடுற தகடு இருக்குற எடம்) சர்விஸ் பண்ணி, கூடவே த்ரோட்டல் கண்ட்ரோலர் போட்டா பவர் ஏறிடும்ணே"ன்னாங்க. சர்விஸ் 150, அந்த கண்ட்ரோலர் பொட்டி 500. என்னய வெளிய ஒக்கார வச்சுட்டு அர மணி நேரத்துல முடிச்சுட்டாங்க.

மொத நாலு நாள் நல்லா இழுக்குற மாதிரியே இருந்துச்சு. ஆனா அந்த பொட்டி இஞ்சினுக்கு ஒண்ணுமே பண்றதில்ல. இந்த மாதிரி காடியில பெடலுக்கும் த்ரோட்டலுக்கும் நடுவுல கேபிள் கெடையாது, பெடல் சென்சார் வோல்டேஜ் அனுப்பும், இசியூ, அதாவது இஞ்சின் கம்ப்யூட்டர், அத பாத்து மோட்டார வச்சு த்ரோட்டல தொறக்கும், பொட்டி நடுவுல பூந்துகிட்டு கால்வாசி மிதிச்சத அரவாசின்னு மாத்தி சொல்லும், அவ்வளவுதான். முழுசா மிதிச்சா பொட்டி இருந்தாலும் இல்லனாலும் ஒரே இழுவ, நானே ஆஃப் பண்ணி ஓட்டி பாத்துட்டேன். பசார்ல மெதுவா நகத்துனா வெடுக்குன்னு பாயுது.

ரெண்டாவது வாரம் அதே மேடு, அம்மா பக்கத்துல, பாதி ரோட்டுல ஏறுனப்ப இஞ்சின் லைட் எரிஞ்சுச்சு, எவ்ளோ மிதிச்சாலும் காடி ஊருது. லோரி அண்ணன் ஹாரன் அடிச்சுகிட்டே பிரேக் போட்டாரு, அவருக்கு கோடி புண்ணியம். பெடல்ல ரெண்டு சென்சார் இருக்கு, ரெண்டும் ஒத்துப்போகலனா இசியூ த்ரோட்டல அடக்கிடும். அந்த பொட்டி சாக்கெட்ட சரியாவே மாட்டல.

பக்கத்து லயத்து மாமா, தோட்டத்து வொர்க்‌ஷாப்புல வேல செஞ்சவரு, போனட்ட தொறந்தாரு. ஏர் ஹோஸ் கிளிப்பு ஸ்க்ரூ பள்ளத்துல செம்மண்ணு கெட்டியா அடைஞ்சு கெடக்கு, ஸ்க்ரூ டிரைவர் பட்ட தடமே இல்ல. "இத யாரும் கழட்டவே இல்லப்பா"ன்னாரு. உள்ள த்ரோட்டல் தகட்டு ஓரம் பூரா கரி. ஏர் ஃபில்டர தட்டுனா செங்கப்பொடி கொட்டுது. அப்ப அந்த 150 வெள்ளி எதுக்கு வாங்குனாங்க?

புது ஃபில்டர், கிளீனர் ஸ்ப்ரே ரெண்டும் சேத்து 60 வெள்ளி. பொட்டிய கழட்டிட்டு, பேட்டரி வயர எடுத்துட்டு துணியில ஸ்ப்ரே அடிச்சு தொடச்சாரு, தகட்ட கையால அழுத்தி தள்ளவே கூடாதாம், உள்ள இருக்குற கியர் கெட்டுடும். அப்புறம் ஐடில் (நிக்கிறப்ப இஞ்சின் ஓடுற வேகம்) ஏறி எறங்குச்சு, ரீலேர்ன் பண்ணதும், அதாவது இசியூவுக்கு தகட்டோட நெலய திரும்ப பழக்குனதும், அடங்கிடுச்சு. இப்ப லேக் முக்காவாசி போச்சு, மிச்சம் கொஞ்சம்தான், ஆட்டோ கியர் காடியில அது இருக்கும்.

அதனால ஹோஸ கழட்டும்போது பக்கத்துலயே நில்லுங்க, முன்னாடி பின்னாடி படம் புடிங்க, ரெசிட்ல ஒவ்வொரு வேலையையும் தனியா எழுத சொல்லுங்க. ஏமாந்துட்டா பயனீட்டாளர் திரிபியூனல் (பயனீட்டாளர் புகார விசாரிக்கிற மன்றம்) இருக்கு, 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வேணாம். என்கிட்ட அந்த ஸ்க்ரூ படம், ரெசிட் ரெண்டும் இருக்கு, போன வாரம் ஃபார்ம் போட்டுட்டேன், தேதி இன்னும் வரல.